கட்டிலுக்கு 20,000 ரூபாய்: வல்லம் வடகால் விடுதி பற்றிச் சில கணக்குகள்

37.44 கோடியை 18,720ஆல் வகுத்தால் சரியாக 20,000 வரும். மீதி கிடையாது.

அரசுக் கணக்குகளை நோண்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், இப்படி மீதியில்லாமல் வகுபடுகிற எண் கிடைத்தால் அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு விதி உட்கார்ந்திருக்கும். 18,720 என்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 17 ஆகஸ்ட் 2024 அன்று முதல்வர் ஸ்டாலினும் ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் சேர்ந்து திறந்து வைத்த பெண் தொழிலாளர் விடுதியில் உள்ள படுக்கைகளின் எண்ணிக்கை. 20 ஏக்கர், 13 பிளாக், பிளாக்குக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பாருங்கள், 18,720தான் வரும். மொத்தச் செலவு 706.50 கோடி. அதில் சுமார் 500 கோடி ஸ்டேட் பாங்க் கடன். 37.44 கோடி ஒன்றிய அரசின் பங்கு.

அந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடினேன். 2020 கொரோனாவில் ஊரடங்கு போட்டு, புலம்பெயர் தொழிலாளர்கள் சாரை சாரையாக நெடுஞ்சாலையில் நடந்தார்களே, அதற்குப் பிறகு ஜூலை மாதம் ஒன்றிய அரசு 'மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகம்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. நகரத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம், அதில் சந்தேகமே இல்லை. அதன் வழிகாட்டு நெறிகளில் ஒரு மானியம் உண்டு. 30 சதுர மீட்டர் வரையிலான ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 60,000 ரூபாய். பொது அறையில் ஒரு கட்டிலுக்கு 20,000 ரூபாய். மானியத்தின் பெயர் தொழில்நுட்பப் புத்தாக்க மானியம். அதாவது, புதிய கட்டுமான முறையில் வேகமாகக் கட்டி முடிப்பதற்காகக் கொடுக்கிற பணம் அது. அதில் வாடகையைக் குறைத்துத் தர வேண்டும் என்ற நேரடிக் கணக்கு இல்லை.

மூன்று கட்டில், ஒரு வீடு. இரண்டுக்கும் மானியம் ஒன்றுதான். அப்படியானால் இதே 37.44 கோடியை வாங்கி 6,240 சின்ன வீடுகளும் கட்டியிருக்கலாம். புருஷன் பெண்டாட்டி, ஒரு குழந்தை, ஊரிலிருந்து வந்து தங்குகிற அம்மா என்று குடியிருக்கிற வீடு. டெல்லி இரண்டுக்கும் சரி என்றுதான் சொன்னது. கட்டில்தான் வேண்டும் என்று முடிவெடுத்தது இங்கே.

அந்த முடிவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த விடுதி வருவதற்கு முன் இருந்த நிலைமை மோசம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்தில் கான்ட்ராக்டர் நடத்திய ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கூட இருந்தவர்கள் எங்கே என்று தெரியாமல், செய்தி வாட்ஸ்ஆப்பில் ஒரு மாதிரி பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் சுங்குவார்சத்திரத்தில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடியது. 2022 ஜனவரி 12க்குத்தான் திரும்பத் திறந்தது. ஒரே அறையில் ஆறிலிருந்து முப்பது பேர் வரை, சில இடங்களில் தரையில் படுக்கை, கக்கூசில் தண்ணீர் இல்லை என்றெல்லாம் ராய்ட்டர்ஸ் எழுதியது. மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய், அதிலிருந்து தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்ட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் ஆறு பேருக்கு ஒரு அறை, தண்ணீர், காற்று, வளாகத்துக்குள்ளேயே சாப்பாடு என்பது பெரிய முன்னேற்றம். "இதையும் குறை சொல்றியா" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: கட்டடத்தை நான் குறை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து கண்காணிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014லேயே சட்டம் வந்துவிட்டது. அதாவது 2021இல் சட்டம் இல்லாமல் அந்தக் கோளாறு நடக்கவில்லை. இருந்த சட்டத்தை வைத்து விடுதிகளைச் சோதித்திருந்தால் அது செலவில்லாத கொள்கை. நாம் 706 கோடி ரூபாய்க் கொள்கையைத் தேர்ந்தெடுத்தோம். கட்டடத்துக்குத் திறப்பு விழா நடத்தலாம், சோதனைக்கு நடத்த முடியாது.

இப்போது கட்டிலின் விலைக்கு வருவோம். 706.50 கோடியை 18,720ஆல் வகுத்தால் கட்டிலுக்கு 3.77 லட்சம். இதில் நிலத்தின் விலையை நான் சேர்க்கவில்லை. முழுத் தொகையையும் கடன் என்று வைத்துக்கொண்டு, 8 சதவீத வட்டி, 25 வருடம் என்று எடுத்தால் (வட்டி என் அனுமானம், 25 வருடம் என்பது அந்தத் திட்டத்தில் இப்படிப்பட்ட வளாகத்தை நடத்த வேண்டிய காலம்) மாதத் தவணை கட்டிலுக்கு 2,900 ரூபாய் சொச்சம். அறைக்கு ஆறு கட்டில், ஆகவே ஒரு அறை மாதம் 17,000க்கு மேல் சம்பாதித்தால்தான் கடன் அடையும். தாம்பரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டு வாடகை அது. ஒன்றிய அரசின் 20,000 ரூபாய் மானியம் இந்தத் தவணையில் எவ்வளவு குறைக்கிறது என்றும் பார்த்தேன். மாதம் 154 ரூபாய். ஒரு பெண் நாளைக்கு ஒரு டீ குறைத்துக் குடித்தால் மிச்சமாவதில் பாதிகூட இல்லை.

அந்த 2,900ஐ யார் கட்டுகிறார்கள்? தொழிலாளி முழுதாகக் கட்டினால் 'மலிவு' என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. கம்பெனி கட்டினால், அது ஒரு பெரிய கம்பெனிக்கு வேண்டிய ஆட்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள அரசு கடன் வாங்கிக் கட்டிக்கொடுத்த வசதி. சிப்காட் தாங்கினால், பொதுப்பணம். மூன்றில் எது என்பதைப் பொறுத்து இந்த 20 ஏக்கரைப் பற்றிய தீர்ப்பே மாறும். திறப்பு விழாச் செய்திகளில் மாடிகளின் எண்ணிக்கை வந்தது, செலவு வந்தது. கட்டிலுக்கு வாடகை எவ்வளவு, அதைக் கட்டுவது யார் என்பது நான் படித்த எதிலும் வரவில்லை.

திட்டத்தின் விதிகளில் வாடகையை ஏற்றுவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 8 சதவீதம், ஐந்து வருடத்தில் மொத்தம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஏற்றத்துக்குத்தான் வரம்பு. ஆரம்ப வாடகையை வளாகத்தை நடத்துகிறவரே உள்ளூர் நிலவரத்தைப் பார்த்து நிர்ணயித்துக்கொள்ளலாம். எங்கள் மென்பொருள் வேலையில் இதைத்தான் ஆரம்ப மதிப்பைச் சோதிக்காமல் விடுவது என்போம்.

சரி, வாடகையை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருப்பது.

இந்த விடுதி திறந்த தேதிக்குப் பத்து நாள் முன்னால், அதாவது 7 ஆகஸ்ட் 2024, திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் ஒரு கெடு நாள். பாம்பே பர்மா கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் தேயிலைத் தோட்டம். குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே கம்பெனி மூட்டை கட்டியது. தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வில் கையெழுத்து வாங்கி, லயன் வீடுகளை இந்தத் தேதிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 2025 வரை அமலில் இருந்த 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிதான் வீடு தர வேண்டும் என்றது. அதனாலேயே வேலை போனால் வீடும் போகும். நூறு வருடம் இருந்தவருக்கும் ஒரு சென்ட் நிலத்தில்கூட உரிமை கிடையாது.

தோட்டமும் தொழிற்பேட்டையும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைதான். வல்லத்தில் குடும்பம் கிடையாது, தலைமுறை கிடையாது. இருபது வயதில் வந்து நான்கைந்து வருடத்தில் கல்யாணமாகிப் போகிறவர்கள் என்ற கணக்கில் கட்டிய இடம். அந்தக் கணக்கே பிரச்சினை. 2024 ஜூனில், கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் மணமானவர்கள் என்று கம்பெனி தரப்பில் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் நாளைக்கே கம்பெனி மனப்பூர்வமாக மணமானவர்களை எடுக்க நினைத்தாலும், அறைக்கு ஆறு கட்டில் போட்ட பத்து மாடிக் கட்டடத்தில் அவர்கள் எங்கே இருப்பார்கள்? ஆளெடுப்புக் கொள்கையை ஒரு சுற்றறிக்கையில் மாற்றிவிடலாம். 25 வருடக் கடனில் எழுப்பிய சுவரை மாற்ற முடியாது.

வேலைநிறுத்தத்தையும் யோசித்துப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9இலிருந்து அக்டோபர் 15 வரை 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ராத்திரி படுக்கிற கட்டிலும் கம்பெனி கையில் இருந்தால் அப்படி ஒன்று எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது, ஆர்டர் போனால் என்ன ஆகும். இது கற்பனைக் கேள்வி இல்லை, இதே சாலையில் நடந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம், பஸ் பஸ்ஸாகப் பெண்கள். 1 நவம்பர் 2014இல் உற்பத்தி நின்றது. அதே மண்டலத்தில் இருந்த ஃபாக்ஸ்கானும் அந்த டிசம்பரில் ஆலையை மூடியது. பத்து வருடம்கூட முழுசாகவில்லை. பிறகு சால்காம்ப் வந்து அந்த இடத்தை எடுக்க ஐந்து வருடம் ஆனது. அன்றைக்கு ஒரு 18,000 கட்டில் விடுதி இருந்திருந்தால் அந்த ஐந்து வருடம் அதில் புறாதான் குடியிருந்திருக்கும், தவணை மட்டும் மாதாமாதம் ஓடியிருக்கும்.

ஒப்பிட ரொம்ப தூரம் போக வேண்டாம். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையைப் பிடித்து ஜி.எஸ்.டி. ரோடு ஏறினால் பக்கத்திலேயே மறைமலை நகர். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் துணைநகரமாகத் திட்டமிட்ட ஊர். தொழிற்சாலைக்கு ஒரு பக்கம், குடியிருப்புக்கு ஒரு பக்கம், நலிந்த பிரிவு, குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் என்று அளவு பிரித்து மனைகள். ரொம்ப நாள் அது பேய் ஊர் மாதிரிதான் கிடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஃபோர்டு வந்த பிறகுதான் கடை கண்ணி என்று களை கட்டியது. அப்புறம் 2021 செப்டம்பரில் ஃபோர்டு போகிறேன் என்றது, 2022 ஜூலையில் கடைசிக் கார் இறங்கியது. வேலை போனவர்கள் பட்ட பாடு பெரிது. ஆனால் மறைமலை நகரில் யாரும் அதனால் வீட்டைக் காலி செய்யவில்லை. வீடு ஃபோர்டுடையது இல்லையே. அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் படுக்க ஒரு இடம் இருந்தது, பிள்ளைகள் அதே பள்ளிக்கூடம் போனார்கள்.

மறைமலை நகர் மாதிரியிலும் ஓட்டை உண்டு. அரசு மனையை விற்றுவிட்டது. முதலில் வாங்கியவருக்கு அது கட்டுப்படியானது, அவரிடமிருந்து இன்றைக்கு வாங்குகிறவருக்குச் சந்தை விலை. பொதுச் சொத்து ஒரே தலைமுறையில் தனியார் சொத்தாகிவிட்டது. வீட்டு வசதி வாரியத்தின் பல பழைய திட்டங்களுக்கும் இதே கதைதான். வல்லத்தில் குறைந்தபட்சம் நிலமும் கட்டடமும் சிப்காட்டிடம் இருக்கிறது, விற்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இது மறைமலை நகரைவிட மேல். சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவது சரியான யோசனை. அதை ஒரே கம்பெனியின் ஆட்களுக்கு, ஒரே பாலினத்துக்கு, ஒரே வயதுக்கு என்று குறுக்கியதுதான் தப்பு.

அரசு வாடகைக் குடியிருப்பு கட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. 1952லேயே ஒன்றிய அரசுக்குத் தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று மானியத் திட்டம் இருந்தது. மாநில அரசுகள் அதில் வீடு கட்டித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டன. அது எப்படித் தேய்ந்தது என்று தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

சிங்கப்பூரைச் சொல்லாமல் நம் ஆட்களால் இந்தப் பேச்சைப் பேச முடியாது, ஆகவே நானும் சொல்லிவிடுகிறேன். ஜூரோங் தொழிற்பேட்டையைக் கட்டிய அதே கழகம்தான் அங்கே தொழிலாளர்களுக்கு அடுக்குமாடி வீடுகளும் கட்டியது. 1982இல் அந்த வீடுகள் நாட்டின் வீட்டு வசதி வாரியத்துக்குப் போயின. தொழிற்பேட்டை நிறுவனம் கட்டிய வீடு ஊருக்கான வீடாக மாறியது. ஆனால் அது குடிமக்களுக்கு. நம் ஊர்ப் பையன்கள் போய்த் தங்குவது அதே சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில். 2020 ஏப்ரலில் அங்கே கொரோனா எப்படிப் பரவியது என்பது புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் விசாரித்தால் கதை கதையாகச் சொல்வார்கள். அதே நாட்டில் இரண்டு மாதிரியும் இருக்க, நாம் எடுத்துக்கொண்டது இரண்டாவதை.

இனி காம்பவுண்டுக்கு வெளியே வருவோம். இந்தத் தொழில் வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்த விடுதியிலும் கட்டில் கிடையாது. ஹூண்டாய் 1998இலிருந்து ஓடுகிறது, ரெனோ நிசான் 2010இலிருந்து. டெய்ம்லர், அப்போலோ, யமஹா, ராயல் என்ஃபீல்டு, அவற்றுக்குப் பாகம் செய்து தருகிற நூற்றுக்கணக்கான கம்பெனிகள். இத்தனைக்கும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பூங்காக்களின் வரைபடத்தில் தொழிலாளர் குடியிருப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி நான் எதையும் பார்க்கவில்லை. ரோடு, மின்சாரம், தண்ணீர், மழைநீர் வடிகால் எல்லாவற்றுக்கும் கோடு இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஆள் எங்கே போய்ப் படுப்பான் என்பதற்குக் கோடு இல்லை. மாத்தூர், வல்லக்கோட்டை, பண்ருட்டி, எறையூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சுற்றினால், பழைய வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வரிசையாக ஆறு அறை, எட்டு அறை. வாசலில் பத்து ஜோடி ஷூ. ஒடியா, இந்தி, வங்காளம், நம் விழுப்புரம் தமிழ் எல்லாம் ஒரே குழாயடியில் கேட்கும். வாடகை தலைக்கு இவ்வளவு என்று. அறைக்கு இல்லை.

இவர்களுக்கும் காகிதத்தில் ஒரு சட்டம் உண்டு. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம். அதன்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. மாத்தூரில் ஒரு வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "ஆறு மாசத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சி போறவனுக்கு எதுக்கு சார் பத்திரம்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலையே பதினோரு மாதக் கான்ட்ராக்ட் என்றால் வாடகை ஒப்பந்தம் மட்டும் நிலைக்குமா?

இதே வட்டாரத்தில் அரசு கட்டிய குடும்ப வீடுகள் இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரகடம் பக்கத்தில் நாவலூரில், சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றியவர்களுக்காகக் குடிசை மாற்று வாரியம் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) எழுப்பியவை. அந்தக் குடும்பங்களின் வேலை சென்னையில். அவர்களைத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தாயிற்று, தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களை ஆஸ்பெஸ்டாஸ் அறைகளில் விட்டாயிற்று. ஒரு துறை இன்னொரு துறையோடு பேசாமல் வீடு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

சரி, ஒருவர் நிரந்தரமாகிவிட்டார், இங்கேயே ஒரு மனை வாங்கிக் குடியேற நினைக்கிறார் என்று வையுங்கள். 600 சதுர அடி, வழிகாட்டி மதிப்பு சதுர அடி 1,000 ரூபாய் என்று ஒரு வசதிக்கு எடுத்துக்கொள்கிறேன். 2017 ஜூனுக்கு முன்னால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக 8 சதவீதம். 48,000 ரூபாய். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். 670 ரூபாய் மதிப்பில் 11 சதவீதம், 44,220 ரூபாய். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 1,000 ரூபாயில் 9 சதவீதம், 54,000 ரூபாய். கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தோம் என்பது அறிவிப்பு. கட்டுகிறவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் கூடியது. அந்த மதிப்பு உயர்வை உயர் நீதிமன்றம் நடைமுறைக் குறைபாட்டுக்காக ரத்து செய்து, 2024 ஜூலையில் புது மதிப்புகள் வந்தது தனிக் கதை. 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. நம் கணக்கில் 6,000 மிச்சம், 48,000 கட்ட வேண்டும். சுற்றிச் சுற்றி 2017க்கே வந்துவிட்டோம்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விடுதிக் கட்டிலுக்கு அரசு கொடுப்பது 20,000. தொழிலாளி தானாக 600 சதுர அடி வாங்கினால் அரசு எடுத்துக்கொள்வது 48,000 அல்லது 54,000. பெரிய முதலீடுகளுக்குக் கொடுக்கிற சலுகைத் தொகுப்புகளில் முத்திரைத் தீர்வை விலக்கு என்பது வழக்கமாக வருகிற ஒரு வரி. ஆலைக்கு நிலத்தைப் பதிவு செய்யச் சலுகை இருக்கும்போது, அந்த ஆலையின் தொழிலாளிக்கு மட்டும் முழுக் கட்டணம் என்பதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த மனை விலை ஏறியதில் என் பங்கும் இருக்கிறது. 2013இல் ஒரகடம் பக்கம் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டவன் நான். "ஃபேக்டரி வருது சார், அஞ்சு வருஷத்துல டபுள்" என்று சொல்லித்தான் விற்றார்கள். என்னோடு வேலை பார்த்த ஏழெட்டு பேர் அதே லேஅவுட்டில் வாங்கினோம். அங்கீகாரமில்லாத மனை என்பது 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோதுதான் உறைத்தது. பிறகு வந்த வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டிச் சரி செய்தேன். இன்றைக்கு வரைக்கும் யாரும் வீடு கட்டவில்லை, சீமைக்கருவேலம் நிற்கிறது. கல் நட்ட இடத்தில் குடியிருக்க வேண்டியவர் பக்கத்துத் தெருவில் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கிறார். கம்பெனி வேலை மட்டும் விலையை ஏற்றவில்லை, என் மாதிரி ஐ.டி. சம்பளமும் சேர்ந்துதான் ஏற்றியது.

இதையெல்லாம் ஆட்டோ பாகக் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். பார்க்கிற நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "நீ சொல்றபடி குடும்ப வீடு கட்டினா, ஓவர்டைம்னு கூப்பிட்டா எவன் வருவான்? ஹாஸ்டல்ல இருந்தா அஞ்சு நிமிஷத்துல பஸ் ஃபுல் ஆயிடும். இது இல்லைன்னா அவன் கர்நாடகா போயிடுவான்" என்றார். இரண்டாவது பாதி உண்மையாகவே இருக்கலாம், மாநிலங்களுக்கு நடுவில் போட்டி இருக்கிறது. முதல் பாதியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் பஸ் நிறைவது கம்பெனியின் தேவை. அதற்குக் கம்பெனி கட்டணும். அரசு 99 வருடக் குத்தகைக்கு விடுகிற நிலம் எப்படி வந்தது? புறம்போக்கு போக மீதி, பட்டாதாரர்களிடம் 1997ஆம் வருடத் தொழில் நில எடுப்புச் சட்டத்தைக் காட்டி எடுத்தது. 2013 ஒன்றியச் சட்டத்தின் ஒப்புதல், சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற கட்டுப்பாடுகள் அதைத் தொடாதபடி மாநிலம் திருத்தம் செய்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே புதுச் சட்டம் இயற்றி உயிர் கொடுத்தார்கள், 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. இவ்வளவு பாடுபட்டுப் 'பொது நோக்கம்' என்று சொல்லி எடுத்த நிலத்தில் 20 ஏக்கர், ஒரு கம்பெனியின் ஓவர்டைம் வசதிக்கு என்றால், தன் ஏக்கரைக் கொடுத்த வல்லத்துக்காரர் கேட்க மாட்டாரா?

இது ஒரு விடுதியோடு நிற்கப்போவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். 2024 ஜூலை ஒன்றிய பட்ஜெட்டில் தொழிலாளர்களுக்கு விடுதி வகை வாடகைக் குடியிருப்பு, தனியார் கூட்டுறவோடு, பெரிய ஆலைகளின் உறுதிமொழியோடு என்று அறிவித்தார்கள். அந்த டிசம்பரில் நிதி ஆயோக் தொழிலாளர் தங்குமிடம் பற்றித் தனி அறிக்கையே போட்டது. வல்லம் வடகால்தான் எல்லோரும் காட்டப்போகிற மாதிரி. அச்சு தப்பாக இருந்தால் இப்போதே சொல்லிவிடணும்.

ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். சிப்காட்டுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் நகல். கட்டிலுக்கு மாத வாடகை எவ்வளவு, தொழிலாளியிடமிருந்து பிடிப்பது எவ்வளவு. காலியாக இருக்கும் கட்டிலுக்கும் கம்பெனி பணம் கட்ட வேண்டுமா. ஆட்குறைப்பு நடந்தால் தொழிலாளிக்கு எத்தனை நாள் அவகாசம். பூங்காவில் உள்ள வேறு ஆலையின் பெண்ணுக்கு இடம் கொடுக்கத் தடை ஏதும் இருக்கிறதா. கடன் முடிந்த பிறகு கட்டடம் யாருக்கு, அறைகளைக் குடும்ப வீடாக மாற்ற வரைபடத்தில் இடம் விட்டிருக்கிறார்களா. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டியாயிற்று, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது. பதில் வந்ததும் இதற்குக் கீழேயே சேர்க்கிறேன். அங்கே தங்கியிருக்கிறவர்கள், தங்கியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சம்பளச் சீட்டில் விடுதிக்கென்று பிடித்த தொகையை மட்டும், பேரை மறைத்து, எனக்கு மெயிலில் அனுப்புங்கள். 2,900 என்ற என் கணக்கைத் திருத்திக்கொள்ள உதவும்.